சின்ன ஊரில் மெடிகேர்: பிரீமியத்தைப் பார்ப்பதா, ஊர் ஆஸ்பத்திரியைப் பார்ப்பதா?

அமெரிக்காவில் 65 வயது நெருங்கினாலே தபால்பெட்டி நிரம்பி வழியும். மெடிகேர் என்பது முக்கியமாக 65 தாண்டியவர்களுக்கான அரசு ஹெல்த் இன்ஷூரன்ஸ்; அதைத் தனியார் கம்பெனி மூலம் தரும் 'மெடிகேர் அட்வான்டேஜ்' பிளான்களின் விளம்பரங்கள்தான் எல்லாம், 'மாதம் 0 டாலர்' என்று கொட்டை எழுத்தில். ஹூஸ்டன், டல்லாஸ் மாதிரி ஊர்க்காரர்கள் அவற்றைத் தாராளமாகப் பரிசீலிக்கலாம். ஒரே ஒரு ஆஸ்பத்திரி உள்ள சின்ன ஊர்க்காரர் போட வேண்டிய கணக்கு வேறு.

வழி இரண்டு. அரசின் பழைய மெடிகேரை (ஆஸ்பத்திரியில் தங்குவதற்குப் பார்ட் ஏ; டாக்டர், புறநோயாளிச் செலவுக்குப் பார்ட் பி) வைத்துக்கொண்டு, அது கொடுக்காத பாக்கிக்கு மெடிகேப் பாலிசியும் மருந்துக்குப் பார்ட் டி-யும் வாங்குவது ஒன்று. எல்லாவற்றையும் ஒரு தனியார் கம்பெனியிடம் விட்டுவிடும் அட்வான்டேஜ் இன்னொன்று. எதை எடுத்தாலும் பார்ட் பி பிரீமியம் கட்டத்தான் வேண்டும். 2026-ல் பெரும்பாலோருக்கு மாதம் 202.90 டாலர். விளம்பரத்தின் பூஜ்ஜியம் அதற்கு மேல் வரும் பூஜ்ஜியம்.

மாதச் செலவை மட்டும் பார்த்தால் அட்வான்டேஜுக்குத்தான் வெற்றி. பல், கண்ணாடிக்குக் கொஞ்சம் கிடைக்கும். மருந்தும் பெரும்பாலும் உள்ளேயே அடக்கம். நெட்வொர்க்குக்குள், அதாவது கம்பெனியோடு ஒப்பந்தம் உள்ள டாக்டர், ஆஸ்பத்திரிகளில், நம் பங்குக்கு வருட உச்சவரம்பும் உண்டு. 2026-ல் அது 9,250 டாலரைத் தாண்டக் கூடாது. மெடிகேப் இல்லாத பழைய மெடிகேரில் உச்சவரம்பே கிடையாது. டாக்டர் செலவில் 20 சதவீதம் நம் தலையில். மெடிகெய்ட் (வருமானம் குறைந்தவர்களுக்கான அரசு உதவி) போல வேறு துணை இல்லாதவர் அப்படி வெறுமனே இருப்பது ஆபத்து.

இனி ஊர் ஆஸ்பத்திரிக்கு வருவோம். கிராமப்புறங்களில் பல, 25 படுக்கைக்கு மேல் போகாத 'கிரிட்டிகல் ஆக்சஸ்' ஆஸ்பத்திரிகள். பழைய மெடிகேர் இவற்றுக்கு, ஆகும் செலவில் 101 சதவீதம் என்ற கணக்கில் பணம் தருகிறது. தனியார் கம்பெனி தருவது பேரம் பேசிய தொகை. அது கட்டுப்படியாகாமல் சில ஆஸ்பத்திரிகள் ஒப்பந்தத்தை விட்டே வெளியேறியிருக்கின்றன. அவசரத்துக்கு எங்கே போனாலும் அட்வான்டேஜ் கொடுக்கும், சரி. அதன் பிறகான ஸ்கேனுக்கும் பிசியோதெரபிக்கும் 60 மைல் ஓட வேண்டியிருந்தால்?

இடுப்பெலும்பு முறிந்தவரை எடுத்துக்கொள்ளுங்கள். நகரத்தில் ஆபரேஷன் முடிந்ததும் ஊர் ஆஸ்பத்திரியின் 'ஸ்விங் பெட்' படுக்கையில் தங்கித் தேறலாம். மூன்று நாள் உள்நோயாளியாக இருந்திருந்தால், தகுதியானவருக்குப் பழைய மெடிகேர் முதல் 20 நாளை முழுதாக ஏற்கும். அட்வான்டேஜில் அந்த மூன்று நாள் விதி பெரும்பாலும் இல்லை, ஆனால் கம்பெனியின் முன் அனுமதிக்குக் காத்திருக்க வேண்டும்.

பழைய மெடிகேரிலும் ஒரு கொக்கி உண்டு. கிரிட்டிகல் ஆக்சஸ் ஆஸ்பத்திரியில் புறநோயாளிக்கு 20 சதவீதம் என்பது ஆஸ்பத்திரி போடும் பில்லில் 20 சதவீதம். 3,000 டாலர் ஸ்கேனுக்கு 600. மெடிகேப் பாலிசிகளில் ஒன்றான பிளான் ஜி இருந்தால், வருடத்துக்கு ஒரு முறை முதலில் நாமே கட்டும் டிடக்டிபிளோடு (2026-ல் 283 டாலர்) நம் பங்கு முடிந்தது.

அதனால் பிரீமியம் கட்ட முடிகிறவருக்கு, சின்ன ஊரில் என் ஓட்டு பிளான் ஜி-க்கே. முடியாதவருக்கு, ஊர் ஆஸ்பத்திரி நெட்வொர்க்கில் இருந்தால் அட்வான்டேஜ் மோசமில்லை. ஆனால் மெடிகேப்பை உடல்நிலை கேட்காமல் தருவது, 65-க்கு மேல் பார்ட் பி தொடங்கியதிலிருந்து ஆறு மாதம்தான். அப்புறம் நியூயார்க், கனெக்டிகட் போன்ற சில மாநிலங்கள் தவிர, சர்க்கரை வியாதியைக் காட்டியே மறுக்கலாம். 65-ல் மெடிகேர் கிடைத்ததுமே அட்வான்டேஜில் சேர்ந்தவருக்கும், மெடிகேப்பை விட்டு முதல் தடவையாக அதில் சேர்ந்தவருக்கும், மனம் மாறி மெடிகேப்புக்குப் போக ஒரு வருடச் சலுகை உண்டு.

சேரும் காலம் ஏழு மாதம்: 65 ஆகும் மாதம், அதற்கு முன் மூன்று, பின் மூன்று. தவறினால் ஒவ்வொரு முழு வருடத்துக்கும் பார்ட் பி-யில் 10 சதவீத அபராதம், பெரும்பாலும் ஆயுள் முழுக்க. வேலையில் இருப்பவர், கம்பெனி இன்ஷூரன்ஸ் இருக்கிறதே என்று தள்ளிப்போட்டால் அபராதம் இல்லை. ஆனால் 20 பேருக்குக் குறைவான கடை, மோட்டல் என்றால் 65-க்குப் பின் முதலில் பணம் தர வேண்டியது மெடிகேர். பார்ட் பி இல்லாவிட்டால் அந்தப் பங்கு நம் கைக்காசு. வேலையை விட்டபின் கைக்காசு கட்டித் தொடரும் கம்பெனி இன்ஷூரன்ஸான கோப்ரா, அபராதத்தைத் தவிர்க்கும் கணக்கில் வராது.

மாநிலம்தோறும் உள்ள 'ஷிப்' (மெடிகேர் பற்றி வழிகாட்டும் அரசு உதவித் திட்டம்) ஆலோசகர்கள் இலவசம், எதையும் விற்பதில்லை. அவர்களிடம் போகுமுன் ஊர் ஆஸ்பத்திரியின் பில்லிங் கவுன்டரில், அடுத்த வருடம் எந்தெந்த பிளான்களை ஏற்கிறார்கள் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஏற்கெனவே அட்வான்டேஜில் இருப்பவர், பிளான் மாற்றும் காலமான அக்டோபர் 15-க்கும் டிசம்பர் 7-க்கும் நடுவில் வருடாவருடம் இதையே கேட்க வேண்டும்.