முருங்கையிலையா, போத்தல் குளிசையா?

எங்கள் வீட்டில் மல்டிவிற்றமின் போத்தல் வாங்குவதை நிறுத்திவிட்டோம். வேலியோர முருங்கையும் கிளிநொச்சிச் சந்தைக் கீரையும்தான் இப்போது. நான் எந்தப் பக்கம் என்பது இதிலேயே தெரிந்திருக்கும், என்றாலும் குளிசைக்குரிய நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன்.

விலையைப் பற்றிப் பேசத் தேவையில்லை. முருங்கைக்கு ஒரு தடி ஊன்றினால் போதும். வசதியில் குளிசைதான் முந்தும்: ஒரு மிடறு தண்ணீரோடு அலுவல் முடிந்தது. முருங்கையிலையை உருவித் துப்புரவாக்கப் பொறுமை வேண்டும். மாரி வந்தால் மயிர்க்கொட்டி வேறு.

என்னை முடிவெடுக்க வைத்தது, எந்த விற்றமினை உடம்பு எவ்வளவு காலம் சேமித்து வைக்கும் என்பது. மொத்தம் 13 விற்றமின்கள். அவற்றில் ஏ, டி, ஈ, கே நான்கும் கொழுப்பில் கரைபவை. இவற்றில் ஏ ஈரலில் தங்கி, இரணைமடுக் குளத்தில் தேங்கிய தண்ணீர் போல மழையில்லாத மாதங்களுக்கும் உதவும். பி வகை எட்டும் சியும் நீரில் கரைபவை. இவற்றில் மிஞ்சுவது பெரும்பாலும் சிறுநீரோடு போய்விடும். குளிசை போட்ட அன்று சிறுநீர் கடும் மஞ்சளாகப் போகிறதே, அது காசு கொடுத்து வாங்கிய பி2தான். பி12 மட்டும் விதிவிலக்கு, ஈரலில் ஆண்டுக்கணக்காக இருக்கும்.

சியின் கையிருப்போ சில வாரங்களுக்குத்தான். தோலையும் முரசையும் இரத்தக் குழாய்களையும் இறுக்கிப் பிடிக்கும் கொலாஜனை உருவாக்க அது வேண்டும். உணவில் சி அறவே இல்லாமல் போனால் ஒன்றிரண்டு மாதத்திலேயே முரசில் இரத்தம் கசியத் தொடங்கலாம். ஆக, இந்த வகைக்கு வேண்டியது நாளாந்தம் கொஞ்சம். ஒரே நாளில் அள்ளிப் போட்டுப் பயனில்லை. போத்தல் முடிந்தால் அடுத்த சம்பளம் வரை இடைவெளி விழும். ஆடி, ஆவணி வெயிலில் மற்றக் கீரைகள் கருகினாலும் முருங்கை துளிர்த்துக்கொண்டேயிருக்கும். தகரக் கூரையின் கீழ் மாதக்கணக்கில் வெந்துகிடக்கும் குளிசையின் சத்தும் மெல்ல மெல்லக் குறையும்.

அதற்காக இலையை எப்படிச் சமைத்தாலும் சரி என்றில்லை. பச்சை முருங்கையிலை 100 கிராமில் சுமார் 50 மில்லிகிராம் சி இருக்கிறது; அடுப்பில் அதில் நல்ல பங்கு போய்விடும். விற்றமின் சிக்கு நான் நம்புவது கொய்யாவை. வளர்ந்த ஆணுக்கு ஒரு நாளைக்கு 90 மில்லிகிராம் போதும், நடுத்தரப் பழம் ஒன்றிலேயே அது கிடைத்துவிடும். வறையை இறக்கியபின் தேசிப்புளி விட்டால் கீரையிலுள்ள இரும்புச்சத்தும் கூடுதலாக உடம்பில் சேரும். தேங்காய்ப்பூவையும் குறைக்காதீர்கள்: இலையிலுள்ள பீட்டா கரோட்டினைக் குடல் உறிஞ்சக் கொழுப்பு வேண்டும். உடம்பு அதைத் தேவையைப் பார்த்தே ஏயாக மாற்றிக்கொள்ளும். விற்றமின் ஏயாகவே வரும் ரெட்டினோல் குளிசை அப்படியல்ல, அளவு மீறினால் ஈரலில் சேர்ந்துவிடும். கருவிலுள்ள பிள்ளைக்கும் தீங்கு.

பி1 பற்றி நெல் விளையும் ஊரில் விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. தீட்டிய வெள்ளைப் பச்சையரிசியில் தவிட்டோடு அது போய்விடும். நெல்லை அவிக்கும்போது தவிட்டுச் சத்தில் ஒரு பங்கு அரிசிக்குள் இறங்குவதால் புழுங்கலில் கூடுதலாக மிஞ்சும். விற்றமின் டிக்கு வன்னி வெயில் இருக்கிறது, நிழலிலேயே கிடக்காவிட்டால் சரி.

குளிசை வெல்லும் இடங்களும் உண்டு. பி12 தாவர உணவில் நம்பும்படி கிடைப்பதில்லை. மீன் தின்கிற எனக்கு முல்லைத்தீவுக் கடலும் குளத்துத் திலாப்பியாவும் போதும்; பாலும் முட்டையும்கூடத் தொடாதவருக்குக் குளிசைதான் வழி. கர்ப்பிணிகளுக்குக் கிளினிக்கில் தரும் ஃபோலிக் அமிலத்தைக் கீரையை நம்பி விடவே கூடாது. கரு உருவான முதல் சில வாரங்களிலேயே பிள்ளையின் முள்ளந்தண்டு அமைந்துவிடுவதால், பிள்ளை வேண்டும் என்று நினைக்கும்போதே அதைத் தொடங்கச் சொல்கிறார்கள். இந்த இரண்டிலும் எனக்குச் சொந்த அனுபவம் இல்லை, அதனால் வைத்தியர் சொல்வதே சரி.

வீட்டில் யாராவது இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் மருந்து குடிக்கிறார்கள் என்றால் முருங்கையிலையைத் திடீரென்று கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். அதிலுள்ள விற்றமின் கே இரத்தத்தை உறையச் செய்வது, மருந்து அதற்கு எதிர்த்திசையில் இழுப்பது. கிளினிக்கில் முதலில் கேட்டுவிடுங்கள்.