புயலுக்கு முன்னால் கடலில் எதை இறக்குவது: சேல்ட்ரோனா, கிளைடரா?

2021 செப்டம்பர் 30 அன்று அட்லாண்டிக்கில் நான்காம் வகைச் சூறாவளி 'சாம்' சுழன்றுகொண்டிருந்தபோது, அதற்குள்ளேயே புகுந்து படம் பிடித்து அனுப்பியது எஸ்டி 1045 என்ற ஆளில்லாப் பாய்மரக் கலம். 15 மீட்டர் உயர அலை, மணிக்கு 190 கிலோமீட்டரைத் தாண்டிய காற்று. அமெரிக்காவின் கடல், வளிமண்டல நிர்வாகமான நோவா அந்தப் பருவத்தில் அனுப்பிய ஐந்து சேல்ட்ரோன்களில் அது ஒன்று. கடலுக்குள் மூழ்கி எழுந்து அளவெடுக்கும் ஆளில்லாக் கருவியான கிளைடருக்கு இந்த மாதிரிப் படம் எதுவும் கிடையாது. ஒன்றரை மீட்டர் நீளம், அறுபது கிலோ எடை, மஞ்சள் நிறத்தில் சின்ன ஏவுகணை மாதிரி இருக்கும். வாழ்நாளில் பெரும்பகுதியை இருட்டில் கழிக்கும். இருந்தும் ஒரு அரசு நிறுவனத்திடம் ஒன்றுக்கு மட்டும்தான் காசு இருக்கிறது என்றால் என் ஓட்டு கிளைடருக்குத்தான்.

மேலோட்டமான வித்தியாசங்களைச் சீக்கிரம் முடித்துவிடலாம். சேல்ட்ரோன் எக்ஸ்ப்ளோரர் 7 மீட்டர் நீளம். காற்றில் ஓடும், கருவிகளுக்குச் சூரிய மின்சாரம், சராசரி வேகம் 2 முதல் 3 நாட், அதாவது மணிக்கு ஏறத்தாழ 4 முதல் 5.5 கிலோமீட்டர். சூறாவளிக்குப் போகும் கலத்துக்குப் பாயைக் குட்டையாக்கிவிடுவார்கள். கிளைடரில் மோட்டார் விசிறி கிடையாது. உடலின் கன அளவைக் கொஞ்சம் குறைத்தால் மூழ்கும், கூட்டினால் எழும். இறக்கை அந்த ஏற்ற இறக்கத்தை முன்னோக்கிய நகர்வாக மாற்றுகிறது. ஓட்டமில்லாத தண்ணீரில் ஒரு நாளைக்கு 25 கிலோமீட்டர் போனால் அதிகம். வளைகுடா நீரோட்டம் மாதிரி வேகமான நீரோட்டத்தில் சிக்கினால் அது இழுத்த இழுப்புக்குத்தான் போக வேண்டும். வேகத்தில் போட்டியே இல்லை, சேல்ட்ரோன் ஜெயித்துவிட்டது.

ஆனால் புயலின் பலத்தைத் தீர்மானிப்பது கடலின் மேல்தோல் மட்டுமல்ல. 2011 ஆகஸ்டில் 'ஐரீன்' சூறாவளி நியூ ஜெர்சியை நெருங்கியபோது பாதையைச் சரியாகச் சொன்ன கணிப்புகள் பலத்தைக் கூடுதலாகச் சொல்லிவிட்டன. ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தின் கிளைடர் ஒன்று அப்போது அதே தண்ணீரில் இருந்தது. அடியில் கிடந்த குளிர்ந்த நீர் கலங்கி மேலே வந்ததையும், அந்தக் குளிர்ச்சியில் பெரும்பங்கு புயலின் கண் வருவதற்கு முன்பே நடந்துவிட்டதையும் அது பதிவு செய்தது. சேல்ட்ரோனும் மேற்பரப்பு குளிர்ந்ததைக் காட்டியிருக்கும். அடியில் குளிர்நீர் காத்திருந்ததை முன்கூட்டியே காட்டியிருக்காது. 2014 அக்டோபரில் போர்ட்டோ ரிக்கோ அருகே 'கொன்சாலோ' வந்தபோது நிலைமை தலைகீழ். மேலே உப்புக் குறைந்த நீர் மூடி போட்டதுபோல் நின்று, அடியிலிருந்த குளிர்நீரை மேலே வரவிடவில்லை. அதையும் காட்டியது நோவாவின் கிளைடர்கள்தான்.

இங்கேதான் சிக்கலும் தொடங்குகிறது. எந்த நன்னீர்ப் படலத்தை அளக்கப் போகிறோமோ, அதுவே கிளைடரைக் கவிழ்க்கும். கிளைடரை வாங்குகிற யாரும் விலைப்பட்டியலைப் பார்ப்பதற்கு முன்னால் பார்க்க வேண்டியது இந்த மிதப்புக் கணக்கை, அதாவது பேலஸ்ட் போடுவதை.

வடக்கு வங்கக் கடலை எடுத்துக்கொள்வோம். மழைக்காலம் முடிந்து கங்கை, பிரம்மபுத்திரா தண்ணீர் பரவிக் கிடக்கும்போது மேல்நீரின் அடர்த்தி லிட்டருக்கு 1,018 கிராம் அளவுக்கு இறங்கும். ஆயிரம் மீட்டர் ஆழத்து நீர், அழுத்தக் கணக்கைச் சேர்க்காமலே, 1,027 கிராம். லிட்டருக்கு 9 கிராம் வித்தியாசம். அறுபது கிலோ கிளைடர் விலக்குவது சுமார் 58 லிட்டர். ஆக அடியிலும் மேலேயும் சமநிலையில் நிற்கவே 520 கிராம் அளவுக்குக் கன அளவை மாற்ற வேண்டும். ஒரு கன சென்டிமீட்டர் நீர் ஏறத்தாழ ஒரு கிராம்; கன அளவை மாற்றும் பம்ப்பின் மொத்தத் தள்ளலே 500 கன சென்டிமீட்டர் என்றால் ஏறுவதற்கும் இறங்குவதற்கும் மிச்சம் பூஜ்யம். அப்படிப்பட்ட கிளைடர் மேலே வரும், நன்னீர்ப் படலத்தின் அடிவயிற்றில் முட்டும், அங்கேயே நிற்கும். வாலில் இருக்கும் ஆண்டெனா வெளியே வராது, இரிடியம் செயற்கைக்கோளோடு பேச முடியாது. குறித்த நேரத்துக்குள் தொடர்பு கிடைக்காவிட்டால் ஆபத்துக்கால எடையைக் கழற்றி விட்டுவிடும். அதன் பிறகு மிதக்கும், பேசும், ஆனால் மூழ்காது. படகு போய் எடுத்து வர வேண்டியதுதான்.

வழி இல்லாமல் இல்லை. தள்ளல் அதிகமுள்ள பம்ப்போடு வாங்குங்கள். இதில் மட்டும் சிக்கனம் வேண்டாம். எடையைப் போடும்போது நடு அடர்த்தியைக் குறிவைக்காமல் லேசான பக்கம் சாய்த்துப் போடுங்கள், இறங்குவது மந்தமானாலும் ஏறுவது உறுதியாக இருக்கட்டும். ஆழத்தையும் குறைக்கலாம். புயலுக்குத் தீனி போடும் வெப்பத்தைக் கணக்கிட 26 டிகிரிக்குக் குறையாத நீர் எந்த ஆழம்வரை இருக்கிறது என்று தெரிந்தால் போதும். வங்கக் கடலில் அது பெரும்பாலும் நூறு மீட்டருக்குள் முடிந்துவிடும். 150 மீட்டரில் திருப்பிவிட்டால் எண்பது, தொண்ணூறு கிராம் கைக்குக் கிடைக்கும். பம்ப் அடிக்கடி திரும்புவதால் பேட்டரிக் கணக்கை மட்டும் மறுபடி போட்டுக்கொள்ள வேண்டும்.

தொட்டியில் எடை போடுவது பொறுமை கேட்கும் வேலை. கிளைடரைத் தண்ணீரில் இறக்கி, உடலும் நீரும் ஒரே வெப்பநிலைக்கு வரும்வரை சில மணி நேரம் விட வேண்டும். பிறகு வால் மூடிக்குள் கையை விட்டுக் காற்றுக்குமிழிகளைத் தடவி வெளியேற்ற வேண்டும். ஒரு மேசைக்கரண்டி அளவுக் குமிழி ஒளிந்திருந்தால் 15 கிராம் பொய் சொல்லும். பத்து, இருபது கிராம் துல்லியம் தேடுகிற இடத்தில் அது பெரிய பொய். அதற்குப் பின்தான் தராசில் தொங்கவிட்டு முன்னும் பின்னும் எடையைக் கூட்டிக் குறைத்து, மூக்கு தாழாமல், பக்கவாட்டில் சாயாமல் நிறுத்துவது. ஒரே ஒரு சென்சாரை மாற்றினாலும் முதலிலிருந்து. மூடும்போது தண்ணீர் புகாமல் தடுக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங்கை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கவும். ஒரு தலைமுடி கிடந்தால் போதும், ஆயிரம் மீட்டரில் அது வாசலாகிவிடும். மூடியபின் உள்ளிருக்கும் காற்றை உறிஞ்சி, ஓர் இரவு விட்டு, காலையில் அழுத்தமானி நகர்ந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டே படகில் ஏற்றுங்கள்.

இவ்வளவு பாடா என்று தோன்றும். இதே பாடுதான் என்னைக் கிளைடர் பக்கம் தள்ளுகிறது. இந்த வேலை முழுவதையும் அரசு ஆய்வுக்கூடத்திலேயே, இரண்டு தேர்ந்த தொழில்நுட்பர்கள், ஒரு தொட்டி, ஒரு தராசு வைத்துச் செய்துவிடலாம். இறக்கவும் எடுக்கவும் சின்னப் படகு போதும். சேல்ட்ரோன் விஷயத்தில் கலம் நிறுவனத்துடையது, நோவா வாங்கியது தரவை. 2018 வாக்கில் ஒரு நாள் வாடகை ஏறத்தாழ 2,500 டாலர் என்றார்கள். 120 நாள் பருவத்துக்கு மூன்று லட்சம். கிளைடர் ஒன்றின் விலை சென்சாரைப் பொறுத்து ஒன்றரை, இரண்டு லட்சம் டாலர். அடுத்த பருவத்துக்கும் அது அலமாரியில் இருக்கும், பிரித்துப் பார்த்துக் கற்றுக்கொண்ட ஆட்களும் இருப்பார்கள். லித்தியம் பேட்டரியும் கரையிலிருந்து இயக்குபவர்களின் சம்பளமும் தனி, அதை மறைக்கக் கூடாது. அந்தப் பேட்டரிப் பெட்டியைப் பயணிகள் விமானத்தில் ஏற்ற மாட்டார்கள் என்பதால் ஆர்டரை மாதக்கணக்கில் முன்பே கொடுத்துவிட வேண்டும்.

கப்பலடியில் ஒட்டி வளரும் ஓட்டுயிரான கொட்டலசு ஒட்டுவது இரண்டுக்கும் பொதுத் தொல்லை. 2009-இல் 221 நாளில் அட்லாண்டிக்கைக் கடந்த ஆர்யு27 கிளைடரையே வழியில் ஆள் இறங்கிச் சுரண்டிவிட வேண்டியிருந்தது. வெயில் படாத ஆழத்தில் அதிக நேரம் இருந்தால் ஒட்டுவது குறையும்; எப்போதும் மேற்பரப்பிலேயே கிடக்கும் சேல்ட்ரோனுக்கு அந்தச் சலுகை இல்லை. புயலுக்காக ஆழத்தைக் குறைத்து ஓட்டும்போது கிளைடருக்கும் இந்தச் சலுகை பாதியாகிவிடும்.

பிறர் தூக்கிச் செல்வதும் பொதுத் தொல்லைதான். 2016 டிசம்பரில் சுபிக் விரிகுடாவுக்கு அப்பால் அமெரிக்கக் கடற்படையின் கிளைடரைச் சீனக் கடற்படை எடுத்துக்கொண்டு போய்ச் சில நாளில் திருப்பித் தந்தது. 2022 செப்டம்பரில் செங்கடலில் இரண்டு சேல்ட்ரோன்களை ஈரானியப் போர்க்கப்பல் பிடித்து, மறுநாள் விட்டது.

சேல்ட்ரோனிடம் கிளைடர் தோற்கும் இடம் ஒன்று உண்டு, அது சின்ன இடமல்ல. காற்றின் வேகம், ஈரப்பதம், அலை உயரம் மூன்றும் கிளைடருக்குத் தெரியாது. கடலிலிருந்து காற்றுக்கு எவ்வளவு வெப்பம் ஏறுகிறது என்பதற்கு மேலேயும் ஒரு கண் வேண்டும். நோவா இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் ஓடவிட்டது அதனால்தான். குட்டைப் பாய் போட்ட கலங்கள் பெரும் புயலின் நடுவே கழித்த மணி நேரங்கள் இன்னும் குறைவு என்பதால் அவற்றின் தாங்குதிறனைப் பற்றி அறுதியிட்டுப் பேசுவது அவசரம். தொட்டி கட்ட இடமில்லாத, தொழில்நுட்பரை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை இடம் மாற்றிவிடுகிற நிறுவனம் என்றால் கிளைடர் வேண்டாம், சேல்ட்ரோன் நாள்களை வாடகைக்கு எடுங்கள். சரியாக எடை போடாத கிளைடரைத் தேடி எடுக்கப் படகு அனுப்புகிற செலவாவது மிஞ்சும்.