எம்ஜிபி-யை விற்றுத் தருகிறேன் என்று வாங்கிப்போன டீலர்: காரும் இல்லை, பணமும் இல்லை

இங்கிலாந்தில் பழைய ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருந்து அதை விற்கலாம் என்று நினைப்பவர்கள் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். 'சேல் ஆர் ரிட்டர்ன்', அதாவது வண்டியை எங்கள் ஷோரூமில் நிறுத்துங்கள், விற்றால் பணம், விற்காவிட்டால் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்கிற டீலரிடம், விற்ற பணம் யார் கணக்குக்குப் போகும் என்று எழுதி வாங்காமல் சாவியைக் கொடுத்துவிடாதீர்கள். எனக்கு 15,000 பவுண்டு போய்விட்டது.

என் வண்டி 1972 எம்ஜிபி ரோட்ஸ்டர், கூரை இல்லாத பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார். ஆபிங்டனில் இருந்த எம்ஜி தொழிற்சாலையில் செய்தது, 1798 சிசி எஞ்சின், ஓவர்டிரைவ் (வேகமாகப் போகும்போது எஞ்சின் குறைவாகச் சுழல வைக்கும் கூடுதல் கியர்), குரோம் பம்பர். 1974 கடைசியில் அமெரிக்க விதிகளுக்காகக் கறுப்பு ரப்பர் பம்பர் வைத்து வண்டியின் உயரத்தையும் கூட்டிவிட்டார்கள், அதனால் அதற்கு முந்தைய குரோம் பம்பர் வண்டிகளைத்தான் எல்லோரும் தேடுவார்கள். நான் வாங்கியபோது இரண்டு பக்கமும் 'சில்', அதாவது கதவுக்குக் கீழே நீளவாக்கில் ஓடும் இரும்புப் பகுதி, முழுக்கத் துரு. கூரை இல்லாத கார் என்பதால் அந்த சில்தான் பாரத்தைத் தாங்குகிறது. பழையதை வெட்டுவதற்கு முன்னால் கதவு வாசலுக்குக் குறுக்கே இரும்புக் குழாய் வைத்து வெல்டு செய்து நிறுத்தாவிட்டால் பாடி நடுவில் தொய்ந்துவிடும், அப்புறம் கதவு ஒருநாளும் சரியாக மூடாது. உள் சில், வெளி சில், அடியில் காசில் ரெயில் எல்லாம் புதிது. கேடனில் இருக்கும் பிரிட்டிஷ் மோட்டார் மியூசியத்தில் ஹெரிடேஜ் சான்றிதழ், அதாவது வண்டி தொழிற்சாலையை விட்டு வந்தபோது எப்படி இருந்தது என்ற பதிவு, வாங்கிப் பார்த்து, தொழிற்சாலையில் அடித்த அதே டீல் ப்ளூவையே திரும்ப அடித்தோம். ஒவ்வொரு பில்லும் ஒவ்வொரு போட்டோவும் ஒரு ஃபைலில் இருந்தன. புது வீட்டில் கராஜ் இல்லை, மழையில் நிறுத்த மனமில்லை, அதனால்தான் விற்க முடிவு செய்தேன்.

டீலர் நன்றாகத்தான் பேசினார். விலை எவ்வளவுக்குப் போனாலும் எனக்கு 15,000, மேலே வருவது அவருக்கு. வண்டி, இரண்டு சாவி, ஃபைல், வி5சி பதிவுப் புத்தகம் எல்லாவற்றையும் கேட்டு வாங்கிக்கொண்டார், வாங்க வருகிறவர்களுக்குக் காட்ட வேண்டும் என்று. அப்புறம் எப்போது போன் செய்தாலும் ஒருவர் பார்த்துவிட்டுப் போயிருக்கிறார், வீட்டில் கேட்டுச் சொல்வதாகச் சொன்னார் என்பார். குளிர்காலம் வந்ததும், கன்வெர்ட்டிபிள் எல்லாம் வசந்தத்தில்தான் நகரும், அவசரப்படாதீர்கள் என்றார். அது உண்மையும்கூட என்பதால் சந்தேகம் வரவில்லை.

ஒருநாள் முன்பின் தெரியாத ஒருவர் போன் செய்து, கியர்பாக்ஸுக்கும் ஓவர்டிரைவுக்கும் ஒரே ஆயில்தானே, எஞ்சினுக்கு ஊற்றும் 20டபிள்யூ-50யையே ஊற்றியிருக்கிறீர்களா என்று கேட்டார். என் நம்பர் ஃபைலில் இருந்த பில்லில் இருந்ததாம். வண்டி அவருடைய கராஜில் நிற்கிறது! முழுப் பணத்தையும் டீலர் கணக்குக்கு அனுப்பி ரசீது வாங்கியிருக்கிறார் மனுஷன். போனை வைத்ததும் வாகனப் பதிவு அலுவலகமான டிவிஎல்ஏ-வின் தளத்தில் வண்டி எண்ணைப் போட்டுப் பார்த்தேன், கடைசியாக வி5சி வழங்கிய தேதி மாறியிருந்தது. அந்தத் தேதிக்குப் பிறகும் டீலர் என்னிடம் வசந்தம் வரட்டும் என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார்.

நேரில் போய்க் கேட்டபோது மறுக்கக்கூட இல்லை. இப்போதுதான் முடிந்தது, அக்கவுன்டன்ட் லீவில் இருக்கிறார், அடுத்த வாரம் அனுப்புகிறோம் என்றார். அடுத்த வாரம் பணத்துக்குப் பதில் ஒரு பில் வந்தது, எஸ்யூ கார்புரேட்டர்களை டியூன் செய்ததற்கும் பாலிஷ் போட்டதற்கும். பிறகு போன் எடுப்பதை நிறுத்திவிட்டார்கள். கடைசியில் கம்பெனி கலைக்கப்படுகிறது என்று லிக்விடேட்டரிடமிருந்து, அதாவது கம்பெனியை மூடி சொத்தைப் பிரித்துக் கொடுப்பவரிடமிருந்து, கடிதம். என் வண்டியை விற்று வந்த காசில் எனக்கு முன்னால் காத்திருந்த யாருக்கோ கடனை அடைத்திருக்கிறார்கள் என்பதுதான் என் கணிப்பு.

காரைத் திரும்பப் பிடுங்கிவிடலாமே என்று நண்பர்கள் எல்லோரும் கேட்டார்கள். முடியாது. 1889ஆம் ஆண்டின் ஃபேக்டர்ஸ் சட்டம் ஒன்று இருக்கிறது. உரிமையாளரின் சம்மதத்தோடு பொருளைக் கையில் வைத்திருக்கும் வியாபாரி, வழக்கமான வியாபார முறையில் அதை விற்று, வாங்குபவரும் நல்லெண்ணத்தோடு வாங்கியிருந்தால் பொருள் வாங்கியவருக்குத்தான். வி5சி உரிமைப் பத்திரம் கிடையாது, யார் பொறுப்பில் வண்டி இருக்கிறது என்பதற்கான பதிவு மட்டும். ஆனாலும் அதை வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள்: பதிவுப் புத்தகம் இல்லாமல் பழைய காரை விற்பது வழக்கமான வியாபாரம் ஆகாது என்று பழைய தீர்ப்புகள் உண்டு. இது எனக்கு வக்கீல் சொல்லித்தான் தெரியும்.

போலீஸில் சொன்னால் சிவில் விஷயம் என்கிறார்கள். கோர்ட்டுக்குப் போனால் 10,000 பவுண்டுக்கு மேற்பட்ட தொகை சிறு தொகை வழக்குகளுக்கான எளிய முறையான ஸ்மால் கிளெயிம்ஸில் வராது, கோர்ட் கட்டணமே தொகையில் 5 சதவீதம், எனக்கு 750 பவுண்டு. கலைக்கப்பட்ட கம்பெனியிடம் ஜெயித்தும் என்ன கிடைக்கும்? அடமானம் வைத்துக் கடன் கொடுத்த பேங்குக்குப் பிறகுதான் என்னைப் போன்றவர்களின் வரிசை. பணத்தைத் தனி டிரஸ்ட் கணக்கில் வைக்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி இருந்து, அப்படியே வைத்தும் இருந்தால் கதை வேறு.

இனி டீலர் வழியாக விற்பவர்கள் முதலில் கம்பெனிகளைப் பதிவு செய்யும் அரசு அலுவலகமான கம்பெனிஸ் ஹவுஸில் அந்தக் கம்பெனியின் பெயரைப் போட்டுப் பாருங்கள், காசு கேட்க மாட்டார்கள். கணக்கு தாக்கல் செய்யாமல் இழுத்தடிக்கிறார்களா, சொத்தின்மேல் யாருக்காவது சார்ஜ், அதாவது அடமான உரிமை, இருக்கிறதா என்பதெல்லாம் அங்கே தெரியும். வாங்குபவர் பணத்தை நேராக உங்கள் கணக்குக்கு அனுப்பட்டும், அது வந்து சேர்ந்த பிறகு டீலருக்கு அவருடைய கமிஷனை நீங்கள் கொடுங்கள். இதற்கு ஒத்துக்கொள்ளாத டீலரிடம் வண்டியை விடவே வேண்டாம். ஏற்கெனவே உங்கள் கார் எங்கேயாவது ஷோரூமில் நிற்கிறது என்றால் இன்றைக்கே டிவிஎல்ஏ தளத்தில் வி5சி தேதியைப் பாருங்கள், மாறவில்லை என்றாலும் சொல்லாமல் ஒருமுறை நேரில் போய் வண்டி அங்கேதான் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வாருங்கள்.