பூட்டு திறக்காவிட்டால் என்ன ஆகும்? மூன்று ரோல்பிளேயிங் விளையாட்டுகள்

ஆளுக்கொரு பாத்திரமாகி, பேசிப் பேசியே கதையை நகர்த்தி, சிக்கலான இடத்தில் பகடை உருட்டுவதுதான் ரோல்பிளேயிங் விளையாட்டு. அப்படி ஒன்று எப்படி என்று கேட்டால் பலரும் புத்தகத்தின் படங்களையும் அதிலுள்ள பூதங்களையும் பற்றித்தான் பேசுவார்கள். எனக்கு அதெல்லாம் அப்புறம்தான். பகடை காலை வாரும்போது கதை நகர்கிறதா, இல்லை அப்படியே நின்று முழிக்கிறதா என்பதை வைத்துத்தான் நான் எடைபோடுவேன்.

ஐப்பசி மழையில் குன்னூரில் வீட்டுக்குள் அடைந்து கிடப்பவர்களுக்குப் பழகிய காட்சி ஒன்றையே எடுத்துக்கொள்வோம். மலையடிவாரக் கல்லாறுக்கும் குன்னூருக்கும் நடுவே மண் சரிந்து மலை ரயில் நின்றுவிட்டது. ஒரு பெட்டி பூட்டியிருக்கிறது. உங்களுக்கு அதற்குள் போயாக வேண்டும், ஆனால் ரயில் கார்டு டார்ச் அடித்தபடி வந்துகொண்டிருக்கிறார்.

முதலில் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ். 1974-ல் பிறந்தது, நான் சொல்வது 2014-ல் வந்த ஐந்தாம் பதிப்பை. இருபது முகப் பகடையை உருட்டி, திறமைக்குரிய எண்ணைக் கூட்டி, இலக்கைத் தொட வேண்டும். நடுத்தரமான பூட்டுக்கு இலக்கு 15. கைத்திறன் உள்ள புதுத் திருடனுக்கு +5 இருந்தால் வெற்றி வாய்ப்பு 55 சதவீதம். தோற்றால் பூட்டு திறக்கவில்லை, அவ்வளவுதான். உடனே பக்கத்தில் இருப்பவர், "தள்ளு, நான் பாக்குறேன்" என்று பகடையை எடுப்பார். கார்டு எங்கே போனார் என்று யாருக்கும் ஞாபகம் இருக்காது. கொஞ்சத்தில் தவறினால் ஒரு விலை கொடுத்து வெற்றி பெறலாம் என்று கேம் மாஸ்டருக்கான, அதாவது விளையாட்டை நடத்துபவருக்கான புத்தகத்தில் ஒரு விருப்ப விதி இருக்கிறது. விருப்ப விதி என்பதால் பாதிப் பேர் அந்தப் பக்கத்தைப் புரட்டுவதே இல்லை.

1981-ல் வந்த திகில் விளையாட்டான கால் ஆஃப் கதூலு இதில் கெட்டி. 1 முதல் 100 வரை எண் வரும்படி பகடையை உருட்டினால், அது உங்கள் திறமை எண்ணைத் தாண்டாமல் விழ வேண்டும். ஏழாம் பதிப்பில், தோற்றவர் கூடுதலாக என்ன செய்கிறார் என்று சொல்லி இன்னொரு முறை உருட்டலாம். இப்போதும் தோற்றால் நிலைமை முன்னைவிட மோசமாகும். கம்பியை இன்னும் அழுத்தித் திருப்புகிறீர்கள். அது பூட்டுக்குள்ளேயே முறிகிறது, சத்தம் கேட்டுக் கார்டு ஓடி வருகிறார். இரண்டாவது தடவை பகடையைத் தொடலாமா வேண்டாமா என்று கை தயங்கும் அந்த நொடிக்காகவே இதை விளையாடலாம்.

ஆனால் என் ஓட்டு 2010-ல் வந்த அபோகலிப்ஸ் வேர்ல்டுக்கு. உலகம் அழிந்த பிறகு நடக்கும் கதை என்பதால் நம் ரயிலைக் கொஞ்சம் துருப்பிடிக்க விட வேண்டியிருக்கும். ஆறு முகப் பகடை இரண்டை உருட்டி, பாத்திரத்துக்குரிய எண்ணையும் கூட்ட வேண்டும். கூட்டுத்தொகை 10 அல்லது அதற்கு மேல் என்றால் முழு வெற்றி. 7 முதல் 9 வரை என்றால் ஒரு சிக்கலோடு வெற்றி. அதற்குக் கீழே என்றால் ஆபத்து. +1 உள்ளவருக்கு அந்தச் சிக்கலான நடு முடிவுதான் அதிகம் வரும், 36-ல் 16 வாய்ப்பு. பூட்டு திறக்கிறது, ஆனால் பிரேக் தளர்கிறது. பன்னிரண்டரை அடிக்கு ஓர் அடி ஏறும் பாதை அது! பெட்டி கல்லாறு பக்கமாக மெல்ல உருள ஆரம்பிக்கிறது. குதிப்பதா, பெட்டியை நிறுத்துவதா? இதைக் கேம் மாஸ்டர் வீட்டிலிருந்து யோசித்துக்கொண்டு வரவில்லை. விதியே அவரை அங்கே தள்ளிவிடுகிறது.

குறையும் உண்டு. நொடிக்கு நொடி புதிதாக எதையாவது சொல்லியாக வேண்டும் என்பதால், தோட்ட வேலையோ கடை வேலையோ முடித்துக் களைத்து வருபவர் நடத்தினால் ஒரு மணி நேரத்தில் வறண்டு போவார். டஞ்சன்ஸில் அந்தக் கவலை இல்லை. சண்டைக்கு வரிசை, தூரம், அடி எல்லாம் விதியாகவே இருக்கிறது. ஸ்னூக்கர் விதிகளை ஊட்டி கிளப்பில் ஒட்டி வைத்ததாகப் பெருமை பேசும் மலைக்காரர்கள் நாம், இறுக்கமான விதியை மட்டமாகப் பேசக் கூடாது. முதல் நிலையிலிருந்து இருபதாம் நிலை வரை ஒரே பாத்திரத்தை வருடக் கணக்கில் வளர்க்கும் சுகமும் அங்கேதான்.

ஆகவே வாரம் தவறாமல் கூடும் கூட்டத்துக்கு டஞ்சன்ஸ், அந்த விருப்ப விதியைக் கட்டாயமாக்கி. கோயம்புத்தூரிலிருந்து லீவுக்கு வந்து இரண்டு ராத்திரி தங்கிவிட்டுப் போகும் நண்பர்களுக்கு அபோகலிப்ஸ் வேர்ல்டு. பேய்க்கதை கேட்டால் கதூலு. அன்றைக்குக் கரண்டும் போய்விட்டால் இன்னும் நல்லது.