அப்பாவின் பைபாஸும் கத்திக்கு முந்தின ஊசியும்

அப்பாவுக்கு மூன்று அடைப்பு, சுகர் வேறு. பைபாஸ் செய்த மருத்துவமனையைப் பற்றிக் கேட்கிறவர்களிடம் நான் முதலில் சொல்வது மயக்க மருந்து டாக்டரைத்தான். முந்தின நாள் சாயங்காலம் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து அரை மணி நேரம் பேசினார்.

நெஞ்செலும்பில் சீழ் பிடித்து மறுபடி திறக்க வேண்டிவந்த உறவினர் ஒருவரைப் பார்த்திருக்கிறேன், என் பயமெல்லாம் அதுதான். கேட்டேன். செஃபசோலின் என்ற ஆன்டிபயாடிக் 2 கிராம், கத்தி வைப்பதற்கு முந்தைய ஒரு மணி நேரத்துக்குள் நரம்பில் ஏறிவிடும் என்றார். வார்டிலேயே சீக்கிரம் போட்டுவிட்டால் சிறுநீரில் போய்விடும், கத்தி வைத்தபின் போட்டால் கிருமி முந்திக்கொள்ளும். மருந்தை இதயத்துக்குச் சுமந்துபோவது ரத்தம். மகாதமனியில் கிளாம்ப் என்ற இடுக்கியைப் போட்டதும் இதயத் தசைக்குப் போகும் அந்த ஓட்டம் நின்றுவிடுவதால், அதற்குள் தசையில் மருந்து ஊறியிருக்க வேண்டுமாம். போதாததற்கு, ஆபரேஷனின்போது இதயம், நுரையீரல் வேலையைப் பார்க்கிற ஹார்ட்-லங் மெஷினில் நிரப்பிவைத்த ஒரு லிட்டருக்கு மேற்பட்ட திரவம் உடம்பு ரத்தத்தோடு கலக்கும்போது மருந்து சட்டென்று நீர்த்துப்போகும். நாலு மணி நேரம் தாண்டினால் இன்னொரு டோஸ்.

இதயத்துக்குள் போய்ச் சேர்ந்தது எப்படித் தெரியும் என்றேன். மெஷின் குழாயைச் செருகும்போது வலது மேலறையின் ஓரத்தில் ஒரு துணுக்கு வெட்டுவார்களாம், ஆராய்ச்சிகளில் பெரும்பாலும் அதில்தான் அளந்திருக்கிறார்கள். அப்புறம் அவரே சொன்னார்: இடது மார்புத் தமனியை எடுத்து ஒட்டப் போகிறோம், அந்தப் பக்க எலும்புக்கு ரத்தம் குறையும், மருந்தும் குறையும், சுகரும் இருக்கிறது, அங்கேதான் கூடுதல் கவனம் வேண்டும். கேட்காமலே இப்படிச் சொல்கிற டாக்டரை நான் பார்த்ததில்லை.

ஆபரேஷன் முடிந்து கேஸ் ஷீட்டைக் கேட்டேன், தயங்காமல் காட்டினார்கள். முதல் டோஸ் 7.50, கத்தி வைத்தது 8.20, இரண்டாவது டோஸ் 11.50. அதைப் பார்த்தபோதுதான் மூச்சு வந்தது.

48 மணி நேரத்தோடு ஆன்டிபயாடிக்கை நிறுத்தினார்கள். அத்தைக்கு மனசே ஆறவில்லை, இன்னும் நாலு நாள் போடச் சொல்லு என்றார். நீட்டினால் தொற்று குறையாது, மருந்துக்கு அடங்காத கிருமிதான் வளரும் என்று ஐசியூ சிஸ்டர் பொறுமையாகச் சொல்லிப் புரியவைத்தார்.

குறை ஒன்று உண்டு. காயத்தைப் பார்த்துக்கொள்ளும் விவரமெல்லாம் டிஸ்சார்ஜ் தாளில் ஆங்கிலத்தில் இருந்தது. வீட்டில் காயம் பார்ப்பது அம்மா, அவருக்கு ஆங்கிலம் தெரியாது. எதைக் கண்டால் உடனே வர வேண்டும் என்பதை, சிவப்பு, கசிவு, காய்ச்சல், இருமும்போது எலும்பு நறநறப்பது என்று நான்தான் தமிழில் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டினேன். ஊசிக்கு நிமிடக் கணக்குப் பார்க்கிற இடம் இதையும் செய்ய வேண்டும், சூப்பரின்டென்டென்டுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன்.