போவதா, இன்னும் கொஞ்ச நாள் பார்ப்பதா?

கல்யாணமாகி நாலாவது வருடம். "விசேஷம் ஒண்ணும் இல்லையா?" என்று கேட்பவர்களிடம் சிரித்துவைக்கப் பழகிவிட்டேன். எங்களுக்குள் உறவே இன்னும் கூடிவரவில்லை என்பது அவர்களுக்குத் தெரியாது. நெருங்கினாலே பிறப்புறுப்பைச் சுற்றியுள்ள தசை தானாக இறுகிக்கொள்ளும். பெயர் வஜைனிஸ்மஸ். பெயர் தெரிந்த பிறகும் ஒரு வருடம் டாக்டரிடம் போகவில்லை.

தள்ளிப்போடுவதில் சுகம் இருக்கிறது, மறுக்க மாட்டேன். யாருக்கும் சொல்ல வேண்டாம், பரிசோதனை மேஜையில் படுக்க வேண்டாம். வெளியே சொல்லாத இன்னொரு காரணமும் உண்டு: சரியாகிவிட்டால் "முடியவில்லை" என்று சொல்ல வழியிருக்காதே! ஆனால் வலியில் முடிகிற ஒவ்வொரு முயற்சிக்கும் பிறகு உடம்பு இன்னும் சீக்கிரமாக இறுகக் கற்றுக்கொள்கிறது. காத்திருப்பதாக இருந்தால் முயற்சிகளையும் நிறுத்திவிட்டுக் காத்திருங்கள்.

அடுத்தது, ஆன்லைனில் டைலேட்டர், அதாவது உள்ளே செலுத்திப் பழகும் வழவழப்பான குச்சிகள், வாங்கி வீட்டிலேயே பழகுவது. சுண்டுவிரல் அளவில் தொடங்கிப் படிப்படியாகப் பெரிதாகும். கூட்டுக் குடும்பத்தில் அதை எங்கே வைப்பது? என்னுடையது பட்டுப்புடவைக்கு அடியில் இருந்தது. இரண்டாவது அளவிலேயே மாதக்கணக்கில் நின்றேன். மூச்சை அடக்கிக்கொண்டு செய்கிறாய் என்று சுட்டிக்காட்ட பக்கத்தில் ஆளில்லை. போதாக்குறைக்கு கெகல் பயிற்சி வேறு செய்தேன். அது தசையை இறுக்கும் பயிற்சி; எனக்கு வேண்டியதோ தளர்த்துவது.

கைனகாலஜிஸ்ட்டைத் தவிர்க்க முடியாது. தொற்று, எண்டோமெட்ரியோசிஸ் (கருப்பையின் உள்சவ்வு போன்ற திசு வெளியே வளர்வது), உள்ளே தடுப்புச் சவ்வு என வலிக்கு வேறு காரணம் இருக்கிறதா என்று அவர்தான் பார்க்க வேண்டும். நான் முதலில் பார்த்தவர், "இதுக்கே இப்படின்னா பிள்ளை எப்படிம்மா பெறுவே?" என்றார். அதோடு எட்டு மாதம் எங்கும் போகவில்லை. அடுத்தவரிடம் உள்ளே நுழைந்ததுமே, "இன்னைக்குப் பேச மட்டும்தான் வந்திருக்கேன்" என்றேன். பேசினோம். ஸ்கேனைக்கூட சிறுநீர் நிறைந்திருக்கும்போது வயிற்றின் மேல் வைத்தே எடுத்தார்.

குழந்தைதான் அவசரம் என்றால், விந்தணுவை நேரடியாகக் கருப்பைக்குள் செலுத்தும் ஐயுஐ இருக்கிறதே என்பார்கள். அதற்கும் பிறப்புறுப்பை விரித்துப் பிடிக்கும் ஸ்பெகுலம் என்ற கருவியைப் போட வேண்டும் என்று யாரும் முதலில் சொல்வதில்லை.

போடாக்ஸ் ஊசி தசையைச் சில மாதங்கள் தளர்த்தி வைக்கும். செலவு அதிகம், பெரும்பாலும் மயக்கம் கொடுத்தே போடுவார்கள், அதற்குப் பிறகும் டைலேட்டர் பயிற்சி உண்டு. மற்றது பலிக்காதபோது யோசிக்கலாம். "வழி குறுகல், வெட்டிவிடலாம்" என்று யாராவது அறுவை சிகிச்சை சொன்னால் இன்னொரு டாக்டரைப் பாருங்கள். சிக்கல் பெரும்பாலும் இறுகும் தசையில்தான், அகலத்தில் இல்லை.

பழைய அத்துமீறலோ, பெயர் வைக்க முடியாத பயமோ அடியில் இருந்தால் மனநல ஆலோசகரிடமிருந்து தொடங்குவது நல்லது. என் பயம் முழுக்க வலியைப் பற்றியது. அதனால் இடுப்பின் அடித்தசைகளுக்கான இடுப்புத்தள பிசியோதெரபியைத் தேர்ந்தெடுத்தேன். பெரிய நகரங்களுக்கு வெளியே ஆள் கிடைப்பது கடினம், மாதக்கணக்கில் போக வேண்டும். ஆனால் முதல் நாள் மூச்சுப் பயிற்சியும் இடுப்பைத் தளர்த்துவதும்தான், உடையைக்கூடக் கழற்றவில்லை. "நிறுத்துங்க" என்றால் நிறுத்துவேன் என்று பிசியோதெரபிஸ்ட்டே முதலில் சொன்னார். இந்த வார்த்தையை எனக்கு அதுவரை யாரும் கொடுத்ததில்லை.

செவ்வாய்க்கிழமைதோறும் போகிறேன். இடுப்பு வலிக்கு பிசியோ என்று அத்தையிடம் சொல்லியிருக்கிறேன். பாதி உண்மைதான்.