ஏ.எஃப்.பி.யா, ஐ.ஜி.எஃப்-1-ஆ?

கொழிஞ்சாம்பாறைப் பக்கம் கல்லீரல் சுருக்கம் (சிரோசிஸ்) உள்ளவர்கள், கல்லீரலில் புற்று வந்திருக்கிறதா என்று பார்க்க, பாலக்காட்டுக்கோ கோயம்புத்தூருக்கோ போய்ப் பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்துவிட்டு வருகிறார்கள். ரிப்போர்ட்டில் ஐ.ஜி.எஃப்-1 என்ற ஹார்மோன் அளவு குறைவு என்று இருந்தால், "அப்ப கேன்சர் இல்லைதானே?" என்று நிம்மதியாகிவிடுகிறார்கள். அந்த நிம்மதிதான் பயமாக இருக்கிறது.

ஏ.எஃப்.பி. என்பது கல்லீரல் புற்றுக் கட்டி சுரக்கும் புரதம். ஏறினால் சந்தேகப்பட வேண்டும். ஆனால் எல்லாக் கட்டியும் அதைச் சுரக்காது. ஹெபடைடிஸ் தீவிரமானாலும், கர்ப்பத்திலும்கூட ஏறும்.

ஐ.ஜி.எஃப்-1 கதை வேறு. வளர்ச்சி ஹார்மோன் தூண்டுவதால் பெரும்பகுதி கல்லீரலிலேயே உருவாவது அது. கல்லீரல் நலிந்தால் அளவும் இறங்கும். அதனால் கல்லீரல் புற்று உள்ளவர்களிடம் பெரும்பாலும் குறைந்தே காணப்படும். கட்டி இருக்கிறதா என்று அது சொல்லாது, கல்லீரலில் எவ்வளவு தெம்பு மிச்சம் என்று சொல்லும். கல்லீரல் எவ்வளவு பழுதாகியிருக்கிறது என்று கணிக்கும் சைல்ட்-பியூ மதிப்பெண்ணில் வயிற்று நீர், மனக்குழப்பம் இரண்டையும் மருத்துவர் தன் கணிப்பில் எடைபோடுகிறார். அவற்றுக்குப் பதிலாக ஐ.ஜி.எஃப்-1 அளவைச் சேர்த்து ஐ.ஜி.எஃப்-சி.டி.பி. என்ற மதிப்பெண்ணை உருவாக்கியிருக்கிறார்கள். வயதானாலும், சாப்பாடு குறைந்தாலும் ஐ.ஜி.எஃப்-1 இறங்கும் என்பதையும் மறக்கக் கூடாது.

கையில் காசு குறைவென்றால் என் தேர்வு ஏ.எஃப்.பி.தான், அதுவும் தனியாக இல்லை: 6 மாதத்துக்கு ஒருமுறை வயிற்று அல்ட்ராசவுண்ட் ஸ்கேனோடு சேர்த்து. ஸ்கேனை மட்டும் தள்ளிப்போடாதீர்கள்.